கால் கழுவிவிட்டு உள்ளே வரட்டும் பென்டிரைவ்

கேள்வி: வணக்கம் சார். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. கோர் 2 டுவோ, 2 ஜி.பி. ராம், 160 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் கொடுத்தது. நெட் இணைப்பு கிடையாது. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகள் இருபது பேர் மாறி மாறி உட்காருவார்கள். பழைய வினாத்தாள், பள்ளிப் பாடப்புத்தக பி.டி.எஃப். எல்லாம் பென்டிரைவில்தான் வரும். இரண்டு மாதமாகச் செருகுகிற பென்டிரைவில் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறிவிடுகிறது. ஒருவர் கிராக் செய்த ஆன்டிவைரஸ் ஏற்றினார். போதாதென்று இன்னொருவர் அதன்மேல் வேறொன்றை ஏற்றினார். இப்போது ஆன் செய்தால் டெஸ்க்டாப் வரப் பத்து நிமிடம் ஆகிறது. 2 ஜி.பி. ராமில் ஓடுகிற மாதிரி லைட்டான ஆன்டிவைரஸ் எது? ஆயிரம் ரூபாய் வரை செலவழிக்க முடியும்.
தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்:

தம்பி, அந்த ஆயிரம் ரூபாய் இப்போதைக்குப் படிப்பக உண்டியலிலேயே இருக்கட்டும். எந்த ஆன்டிவைரஸ் என்பது உங்கள் சிஸ்டத்துக்குக் கடைசியாக வரவேண்டிய கேள்வி. இருபது வருஷத்துக்கு மேலாக சர்வீஸ் பையோடு அலைகிறவன் சொல்கிறேன். நெட் இல்லாத பழைய சிஸ்டத்தை ஆன்டிவைரஸ் காப்பாற்றி நான் பார்த்தது குறைவு. அதை மூச்சுத் திணற வைத்துப் பார்த்ததுதான் அதிகம்.

ஆன்டிவைரஸ் என்பது பெரும்பாலும் ஒரு பட்டியல். தெரிந்த திருடர்களின் அடையாளம் அதில் இருக்கும். கம்பெனிக்காரர்கள் தினமும் அதில் புதிய அடையாளங்களைச் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள். நெட் இல்லாத சிஸ்டத்தில் அந்தப் பட்டியல், ஏற்றிய நாளோடு நின்றுவிடும். போன தீபாவளிக்கு ஒட்டிய நோட்டீஸில் இந்தப் பொங்கலுக்குக் கிளம்பிய திருடனின் படம் இருக்காது அல்லவா, அதுதான்.

‘லைட்’ என்ற சொல்லிலும் ஒரு சூட்சுமம் உண்டு. லைட் என்று விற்கிற பலவும் சந்தேகப்படுகிற ஃபைலைப் பற்றித் தங்கள் கம்பெனி சர்வரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. பாரத்தைச் சர்வர் சுமப்பதால்தான் உங்கள் சிஸ்டத்தில் எடை தெரிவதில்லை. நெட்டைப் பிடுங்கிவிட்டால் அந்த லைட்டுக்குப் பாதிக் கண் போய்விடும். முழுப் பட்டியலையும் உள்ளேயே வைத்திருப்பது என்றால் அதற்கு ராம் வேண்டும். கிளாம் ஏவி என்று ஒரு இலவச ஆன்டிவைரஸ் இருக்கிறது, ஓப்பன் சோர்ஸ். பழைய சிஸ்டத்துக்கு அதைத்தான் பலரும் கைகாட்டுவார்கள். அதன் பட்டியலை ஏற்றினாலே ஒரு ஜி.பி.க்கு மேல் ராமைத் தின்னும். 3 ஜி.பி.க்கு மேல் ராம் இருக்கட்டும் என்று அதன் கையேடே சொல்கிறது. உங்களிடம் இருப்பதோ மொத்தமே இரண்டு.

டெஸ்க்டாப் வரப் பத்து நிமிடம் ஆவதற்கும் இதுதான் காரணம். ஒரு ஃபைலைத் திறந்தால் முதல் ஆன்டிவைரஸ் படித்துப் பார்க்கும். அது படிக்கிறதே என்று இரண்டாவது படிக்கும். ஹார்ட் டிஸ்க்கின் முள் ஒன்றுதான், இரண்டு பேருக்கும் அது ஓடியாக வேண்டும். ஆளுக்கொரு முறை உப்புப் பார்த்துக்கொண்டே இருந்தால் சோறு இலைக்கு வருவதற்குள் ஆறிப்போகும். போதாக்குறைக்கு ஒன்று கிராக். களவாணியிடம் வாங்கிய பூட்டை வாசலில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். நான் பார்த்தவரை இப்படிப்பட்ட சிஸ்டங்களில் முதல் நோய் பென்டிரைவில் வந்ததைவிட, கிராக்கோடு கூடவே வந்ததுதான் அதிகம்.

சரி, ஷார்ட்கட் விவகாரத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்போம்.

ஒரு பையன் தன் பென்டிரைவில் ‘பொதுத் தமிழ்’ என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறான் என்று வையுங்கள். நோய் பிடித்த சிஸ்டத்தில் செருகிய சில நொடியில் அந்த ஃபோல்டரின்மேல் ‘ஹிடன்’, ‘சிஸ்டம்’ என்று இரண்டு முத்திரை விழுகிறது. இரண்டும் விழுந்த ஃபோல்டரை விண்டோஸ் கண்ணில் காட்டாது. அந்த இடத்தில் அதே பெயரில், அதே மஞ்சள் படத்தோடு ஒரு ஷார்ட்கட் முளைக்கும். படத்தின் கீழ் மூலையில் பொடியாக ஒரு அம்புக்குறி இருப்பது மட்டும்தான் வித்தியாசம். அதை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ‘டார்கெட்’ என்ற வரியைப் படித்துப் பாருங்கள். முதலில் விண்டோஸுக்குச் சொந்தமான ஒரு புரோகிராமின் பெயர் இருக்கும். அடுத்து, மறைத்து வைத்த ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலின் (வரிசையாகக் கட்டளைகள் எழுதிய ஃபைல்) பெயர், வாயில் நுழையாத எழுத்துகளாக இருக்கும். கடைசியில் நிஜ ஃபோல்டரின் பெயர். பையன் டபுள் கிளிக் செய்கிறான். ஸ்கிரிப்ட் ஓடுகிறது, ஃபோல்டரும் திறக்கிறது. வினாத்தாள் வந்துவிட்டது, அவனுக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது? அந்த நேரத்தில் ஸ்கிரிப்ட் உங்கள் சிஸ்டத்தில் பாயை விரித்துப் படுத்து, அடுத்த பென்டிரைவுக்குக் காத்திருக்கும்.

இதைப் படிப்பகத்தில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: ஃபைல் அழியவில்லை, ஒளிந்திருக்கிறது. எல்லாம் போச்சு என்று பென்டிரைவை ஃபார்மேட் அடித்துவிட்டுத் தலையில் கைவைத்தவர்கள் எத்தனையோ பேர். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்து, சிஸ்டம் ஃபைல்களை மறை என்ற டிக்கை எடுங்கள். மங்கலாக நிஜ ஃபோல்டர் தெரியும். உள்ளே போய், பி.டி.எஃப்.களை மட்டும் புதிய ஃபோல்டர் ஒன்றுக்குக் காப்பி செய்துகொண்டால் முடிந்தது. ஆனால் இந்த வைத்தியத்தை நோய் பிடித்த சிஸ்டத்திலேயே உட்கார்ந்து செய்யாதீர்கள், மறுபடி மறைத்துவிடும். நல்ல சிஸ்டத்தில் செய்ய வேண்டும். ஃபைல் பெயரின் வாலை, அதாவது எக்ஸ்டென்ஷனை, மறைக்கிற டிக்கையும் அப்போதே எடுத்துவிடுங்கள். ஃபோல்டர் வேஷம் போட்டு வருகிற எக்ஸி ஃபைல், அதாவது கிளிக் செய்தால் ஓடுகிற புரோகிராம், வால் தெரிந்தால் மாட்டிக்கொள்ளும்.

நெட் இல்லை, அதனால் பயமில்லை என்று ஒரு நினைப்பு ஊரில் இருக்கிறது. 2010 ஜூனில் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், ஈரானில் நடான்ஸ் என்ற இடத்தில் இருக்கிற யுரேனியம் செறிவூட்டும் ஆலையைக் குறிவைத்தது. அந்த ஆலையின் கம்ப்யூட்டர்களுக்கும் நெட் கிடையாது. அப்படிப்பட்ட இடத்துக்கென்றே பென்டிரைவ் வழியாகப் பரவும்படி அதைச் செய்திருந்தார்கள். ஷார்ட்கட்டைக் கிளிக் செய்யக்கூட வேண்டாம், அதன் படம் திரையில் தெரிந்தாலே போதும் என்கிற மாதிரி விண்டோஸில் அப்போது ஓர் ஓட்டை இருந்தது. 2010 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அதை அடைத்தது. அடைத்தது சரியில்லை என்று 2015-இல் மறுபடி ஒட்டுப் போட்டது. உங்கள் சிஸ்டத்தில் சர்வீஸ் பேக் 1 (விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் விட்ட முதல் பெரிய அப்டேட் தொகுப்பு) கூட இல்லை என்றால் அந்தப் பழைய ஓட்டை இன்னும் திறந்தே கிடக்க வாய்ப்பு அதிகம்.

இனி வேலைக்கு வருவோம். இருப்பதைச் சுத்தம் செய்ய நேரத்தை வீணாக்காதீர்கள். எக்ஸி ஃபைல்களுக்கு உள்ளேயே நுழைகிற வைரஸ் இருந்தால், சுத்தம் செய்தபிறகு பாதி சாஃப்ட்வேர் ஓடாது. பி.டி.எஃப்., படம், டாக்குமென்ட் மட்டும் வெளியே எடுத்துவைத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கை முழுசாகத் துடைத்துப் புதிதாக ஓ.எஸ். போடுங்கள். எக்ஸி ஒன்றுகூடத் திரும்பி வரக்கூடாது. ஓ.எஸ். போட்டதும் சர்வீஸ் பேக் 1. அதற்குமேல், 2016-இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7-க்கு விட்ட ஒட்டுமொத்த அப்டேட் தொகுப்பு. இரண்டையும் வேறு சிஸ்டத்தில் டவுன்லோடு செய்து கொண்டுவரலாம். 2020 ஜனவரி 14-ஓடு விண்டோஸ் 7-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நெட்டோடு இணைக்காமல் வைத்திருக்கிறவரை அதற்காக நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். இணைக்கப்போகிறீர்கள் என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், அது வேறு கதை.

ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரியுங்கள், சி என்றும் டி என்றும். சி-யில் ஓ.எஸ். மட்டும், டி-யில் பிள்ளைகளின் பாடம். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு உங்கள் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு ‘ஸ்டாண்டர்ட் யூசர்’ கணக்கு ஒன்று போதும். பாதிச் சேட்டை இதிலேயே அடங்கிவிடும்.

அடுத்ததுதான் முக்கியம். பென்டிரைவிலிருந்து எந்தப் புரோகிராமும் ஓடக்கூடாது. படிக்கலாம், காப்பி எடுக்கலாம், ஓட்டக்கூடாது. விண்டோஸ் 7 ப்ரொஃபஷனலில் குரூப் பாலிசி என்ற விதிப் பட்டியலுக்குள் ‘ரிமூவபிள் ஸ்டோரேஜ் அக்சஸ்’ என்ற பகுதி இருக்கிறது. அதில் ரிமூவபிள் டிஸ்க்குகளுக்கு எக்சிக்யூட் அனுமதியை மறுக்கிற வரியை ‘எனேபிள்’ செய்துவிட்டால் எக்ஸி வேஷக்காரர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். ஷார்ட்கட் வைரஸுக்கு மட்டும் இது போதாது. அங்கே ஓடுகிற புரோகிராம் விண்டோஸுக்கே சொந்தமானது, பென்டிரைவில் இருக்கிற ஸ்கிரிப்டை அது படிக்க மட்டும்தான் செய்கிறது. படிக்கத்தான் அனுமதி கொடுத்துவிட்டோமே! அதனால் ஸ்கிரிப்டை ஓட்டுகிற ‘விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்’ என்பதையே நிறுத்திவிட வேண்டும். விண்டோஸின் செட்டிங்ஸ் எல்லாம் பதிவாகிற ரிஜிஸ்ட்ரியில் ஒரு வரிதான். உங்கள் ஊர் சர்வீஸ் பையனிடம் இந்தப் பெயரைச் சொன்னால் செய்துகொடுப்பார். படிப்பகத்தில் அது இல்லாமல் நின்றுபோகிற வேலை எதுவும் கிடையாது.

செய்து முடித்ததும் நம்பிவிடாதீர்கள், சோதியுங்கள். விண்டோஸின் கால்குலேட்டர் ஃபைலைப் பென்டிரைவுக்குக் காப்பி செய்து, பிள்ளைகளின் கணக்கில் நுழைந்து, அங்கிருந்து டபுள் கிளிக் செய்துபாருங்கள். கால்குலேட்டர் திறந்தால் பூட்டு விழவில்லை. அனுமதி இல்லை என்று விண்டோஸ் முறைத்தால் விழுந்துவிட்டது. ஆன்டிவைரஸ் வாங்குகிறவர்கள் யாரும் அது வேலை செய்கிறதா என்று இப்படி ஒரு சோதனை செய்து நான் பார்த்ததில்லை. அதற்கென்றே ஐகார் என்று 68 எழுத்தில் ஒரு சோதனை வரி இருக்கிறது. அது வைரஸே இல்லை, ஆனால் எந்த ஆன்டிவைரஸும் அதைப் பார்த்ததும் கத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

இதற்குமேல் ஒரு கவசம் உண்டு. பிரவுசிங் சென்டர் காலத்து ஆட்களுக்கு ‘டீப் ஃப்ரீஸ்’ ஞாபகம் இருக்கும். சிஸ்டத்தை ஒரு நிலையில் உறைய வைத்துவிடும். பகலெல்லாம் யார் என்ன கூத்தடித்தாலும் ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும். அது காசு கொடுத்து வாங்குவது. மைக்ரோசாஃப்டே ‘ஸ்டெடி ஸ்டேட்’ என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது, விண்டோஸ் 7-க்கு அதைக் கொண்டுவராமல் 2010 கடைசியோடு நிறுத்திவிட்டது. எனக்கு இன்றுவரை அதில் வருத்தம்தான். இப்போது ‘ரீபூட் ரீஸ்டோர்’ என்ற பெயரில் இலவசப் பதிப்பு ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 7-இல் ஓடுகிற பழைய பதிப்பைத் தேடி எடுங்கள். பத்து பேர் தொடுகிற சிஸ்டத்துக்கு எந்த ஆன்டிவைரஸையும்விட இதைத்தான் நான் முதலில் சொல்வேன். பட்டியலும் வேண்டாம், அப்டேட்டும் வேண்டாம், ராமும் அதிகம் தின்னாது.

இதிலும் வழுக்குகிற இடங்கள் உண்டு. அழுக்கு சிஸ்டத்தை உறைய வைத்தால் அழுக்கும் சேர்ந்து உறைந்துவிடும், தினமும் காலையில் புதுசாகக் கண் விழிக்கும். அதனால் துடைத்துப் போட்ட அன்றே உறைய வைக்க வேண்டும். உறைய வைப்பது சி-யை மட்டும். யாராவது டெஸ்க்டாப்பில் ஃபைலைச் சேமித்தால் ரீஸ்டார்ட்டில் காணாமல் போகும், ‘டி-யில் மட்டும் சேமிக்கவும்’ என்று மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டுங்கள். இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுவார்கள். ரீஸ்டார்ட் ஆகும்வரை நோய் உயிரோடுதான் இருக்கும். காலையில் ஒருவன் கொண்டுவந்தது, நடுவில் ரீஸ்டார்ட் செய்யாவிட்டால் மதியம் வருகிறவளின் பென்டிரைவுக்கும் தாவும். ஒருவர் எழுந்ததும் ரீஸ்டார்ட், பிறகுதான் அடுத்தவர். புதிதாகப் போட்ட சிஸ்டத்தில் ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

வாசலை ஒன்றாகக் குறையுங்கள். சிபியூ பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், முன்பக்க யு.எஸ்.பி. ஓட்டைகளிலிருந்து ஒரு வயர் வந்து மதர்போர்டில் செருகியிருக்கும். கரண்டை எடுத்துவிட்டு அதைப் பிடுங்கிவிடுங்கள். காசு செலவில்லாத பாதுகாப்பு, செல்போன் சார்ஜ் போடுகிற கூட்டமும் கலைந்துவிடும். பின்பக்கத்திலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளை இழுத்துப் பொறுப்பாளர் மேசையில் வையுங்கள். வெளியே போய்விட்டு வருகிறவர்கள் திண்ணையோரம் கால் கழுவிவிட்டு உள்ளே வருகிற மாதிரி, பென்டிரைவ் எல்லாம் அவர் கையைக் கடந்து வரட்டும். பி.டி.எஃப். இருந்தால் அவரே டி-க்குக் காப்பி செய்து கொடுப்பார். ஒருமுறை ஏற்றிய பாடப்புத்தகத்தை இருபது பேரும் இருபது பென்டிரைவில் தூக்கிக்கொண்டு வரவேண்டிய அவசியமும் இருக்காது. பி.டி.எஃப். திறக்க ‘சுமத்ரா’ போதும். பழைய அடோபி ரீடரைவிட எடையும் குறைவு, ஓட்டையும் குறைவு.

கால் கழுவாமல் நுழைந்தவன் கதை ஒன்று சொல்கிறேன், வேறு யாருமில்லை, நான்தான். 2009 வாக்கில், பென்டிரைவைச் செருகியதுமே தானாக ஓடுகிற ஆட்டோரன் வைரஸ்கள் கொடிகட்டிப் பறந்த நேரம். ஒரு பிரவுசிங் சென்டரில் எட்டு சிஸ்டம் சுத்தம் செய்துவிட்டு, அதே டூல்ஸ் பென்டிரைவோடு நேராக ஒரு பள்ளி லேபுக்குப் போனேன். மறுநாள் அங்கிருந்து போன் வந்தது: “சார், நீங்க வந்துட்டுப் போனதுலேருந்துதான்...” வைரஸைத் துரத்தப் போனவனே அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த லேப் முழுவதையும் மறுபடி போட்டுக்கொடுத்தேன். அன்றிலிருந்து டூல்ஸை டி.வி.டி.யில் எழுதித்தான் கொண்டுபோகிறேன். எழுதி முடித்த டி.வி.டி.க்குள் எந்த வைரஸும் நுழைய முடியாது. உங்கள் பழைய சிஸ்டத்தில் டி.வி.டி. டிரைவ் வேலை செய்தால் அதைக் குப்பை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஆன்டிவைரஸ் வேண்டுமா? எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி வேண்டாம் என்பது என் கட்சி. மாதம் ஒருமுறை பொறுப்பாளர் வீட்டு லேப்டாப்பில் டி டிரைவின் ஃபைல்களையும் வழக்கமாக வருகிற பென்டிரைவ்களையும் ஸ்கேன் செய்தால் போதும். அந்த லேப்டாப் விண்டோஸ் 11 என்றால் கூடவே வருகிற டிஃபெண்டர் அந்த வேலைக்குத் தாராளம். பழைய சிஸ்டத்திலேயே ஸ்கேன் செய்யத்தான் வேண்டும் என்றால், இன்ஸ்டால் செய்யாமல் ஓடுகிற ஸ்கேனர்கள் இருக்கின்றன. அவற்றை அன்றன்றைக்கு டவுன்லோடு செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனர், எடுத்த பத்து நாளில் தானாகவே காலாவதி ஆகிவிடும், பட்டியல் பழசானால் பயனில்லை என்று அவர்களே ஒத்துக்கொள்கிற மாதிரி.

கமிட்டிப் பெரியவர்கள், காசு கொடுத்து வாங்கினால்தான் ஆச்சு என்று நின்றால், கடையில் குயிக் ஹீல், நம்ம சென்னைக் கம்பெனி கே7 எல்லாம் பெட்டியாகவே கிடைக்கும். காசை நீட்டுவதற்கு முன்னால் கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: 32 பிட் விண்டோஸ் 7-இல் இந்த வருஷத்துப் பதிப்பு ஓடுமா, நெட் இல்லாமல் ஆக்டிவேட் செய்ய முடியுமா, அப்டேட்டைத் தனி ஃபைலாக டவுன்லோடு செய்து பென்டிரைவில் கொண்டுபோய் ஏற்ற முடியுமா. மூன்றில் ஒன்றுக்கு “அதெல்லாம் ஆகும் சார்” என்று மழுப்பலாகப் பதில் வந்தாலும் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு வாருங்கள். மூன்றும் சரி என்றால் வாங்கலாம், ஆனால் வாரத்துக்கு ஒருமுறை அந்த அப்டேட் ஃபைலைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும். முதல் மாதம் சுமப்பார்கள், இரண்டாவது மாதம் பாருங்கள்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஓ.எஸ்.ஸான லினக்ஸையும் சொல்லாமல் விட முடியாது. பி.டி.எஃப். படிப்பது, மனு டைப் செய்வது, இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுவிடுங்கள். கோர் 2 டுவோ 64 பிட் ப்ராசசர்தான், தாங்கும். ராம் 2 ஜி.பி. என்பது அதற்குக் கீழ்வரம்பு. மேலே பேசிய ஷார்ட்கட், ஸ்கிரிப்ட் எதற்கும் அங்கே வேலை இல்லை. மறைந்த ஃபோல்டரும் பளிச்சென்று தெரியும், பென்டிரைவ் வைத்தியமும் அதிலேயே பார்க்கலாம். அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது உங்கள் ஊர் அண்ணன்கள் சிலருக்கு நினைவிருக்கும், அதனால் முற்றிலும் புது முகம் இல்லை. ஆனால் பிள்ளைகள் யாராவது கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வுக்கு வேர்டு, எக்செல் பழகுகிறார்கள் என்றால் விண்டோஸை எடுக்காதீர்கள். தேர்வு ஹாலில் மெனுவைத் தேடிக்கொண்டு உட்கார முடியாது.

அந்த ஆயிரம் ரூபாய்க்கு ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் செகண்ட் ஹேண்டில் டிடிஆர்2 ராம் ஒரு 2 ஜி.பி. தேடுங்கள். போர்டில் ஸ்லாட் காலியா என்று பார்த்துவிட்டுப் போங்கள். மிச்சமிருந்தால் இரண்டு டி.வி.டி. வாங்கி, புதிதாகப் போட்ட சி டிரைவை அப்படியே குளோன்ஸில்லா என்ற இலவச சாஃப்ட்வேரில் இமேஜ், அதாவது முழு நகல், எடுத்து எழுதிவைத்துவிடுங்கள். என்றைக்காவது எல்லாம் கவிழ்ந்தாலும் ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிடலாம்.

கடைசியாக, சிபியூ பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கிற விண்டோஸ் ஸ்டிக்கரைப் பாருங்கள். ப்ரொஃபஷனல் என்று இருந்தால் நான் சொன்ன குரூப் பாலிசி இருக்கும். ஹோம் பேசிக், ஹோம் ப்ரீமியம் என்று இருந்தால் அது இருக்காது. அப்போது கண்ட்ரோல் பேனலில் ‘பேரன்டல் கண்ட்ரோல்ஸ்’ திறந்து, பிள்ளைகளின் கணக்குக்கு, நான் அனுமதித்த புரோகிராம்கள் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்து, சுமத்ராவையும் வேர்டையும் டிக் செய்துவிடுங்கள். ஸ்டிக்கர் தேய்ந்து எழுத்தே தெரியவில்லை என்றால், ‘கம்ப்யூட்டர்’ படத்தை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள், முதல் வரியிலேயே இருக்கும்.